அடிவாரத்தில் நின்ற ஆசாரியர்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு நடந்தே செல்லும் அன்பர்கள் அலிபிரியில் தங்கள் பயணத்தைத் தொடங்குகின்றனர். ஏறத்தாழ 3,500 படிகள் கொண்ட அந்தப் பாதையின் பிற்பகுதியில் செங்குத்தான ஓர் ஏற்றம் வருகிறது. அதற்கு முழங்கால் முறிச்சான் என்று பெயர். ஆதிசேஷனே மலையாக நிற்கும்போது அதன்மீது பாதம் படலாகாது என்று கருதி, ஒரு மகான் முழங்காலால் ஊர்ந்தே அந்த இடத்தைக் கடந்தார் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் செய்தி. இன்றும் அங்கே களைத்து அமரும் பக்தர்கள் அவரை நினைத்துக் கைகூப்புகின்றனர். அவர்தான் ஸ்ரீராமானுஜர்.

மலையின்மீது கால் வைக்கத் தயங்கிய அந்த மகானே, மனிதர்களைப் பிரித்து வைத்திருந்த எத்தனையோ தடைகளைத் தயக்கமின்றிக் கடந்தார். இறைவன் முன்னிலையில் எல்லோருக்கும் இடம் உண்டு என்ற ஓர் உரிமைக்காக நெடுங்காலம் பாடுபட்டார். இவ்விரண்டும் ஒரே உள்ளத்திலிருந்து பிறந்தவை. தன்னைச் சிறியவனாக எண்ணத் தெரிந்தவருக்கே பிறரைச் சிறியவராக எண்ணாத மனம் வாய்க்கிறது. அந்தப் பாடத்தை அவர் நிறைவாகப் பயின்ற இடம் திருப்பதி மலையடிவாரம்.

அவருடைய வரலாறு ஒரே நூலில் அடங்கியதன்று. பின்பழகிய பெருமாள் ஜீயர் அருளிய ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம், கருடவாகன பண்டிதரின் திவ்யசூரி சரிதம், வடுக நம்பியின் யதிராஜ வைபவம், திருவரங்கத்தின் கோயிலொழுகு எனப் பல நூல்களில் அது பரந்து கிடக்கிறது. ஒரு மனிதரின் கதையாகத் தொடங்கி ஒரு பேரியக்கத்தின் கதையாக அது விரிகிறது. அந்த நூல்களும் பெரியோர்களும் சொல்லும் வரலாற்றில் சில பகுதிகளை இங்கே காண்போம்.

முதல் வேதனை

ஸ்ரீபெரும்பூதூரில் ஆசூரி கேசவ சோமயாஜிக்கும் காந்திமதி அம்மையாருக்கும் 1017-ஆம் ஆண்டு, சித்திரை மாதத் திருவாதிரை நன்னாளில் ஸ்ரீராமானுஜர் அவதரித்தார். காந்திமதியின் சகோதரர் திருமலை நம்பி. திருவேங்கடமுடையானுக்குத் தீர்த்தம் சுமந்துவரும் கைங்கரியத்தில் வாழ்நாளைக் கழித்து வந்தவர் அவர். மருமகன் பிறந்த செய்தி கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்து, குழந்தைக்கு இளையாழ்வார் என்று பெயர் சூட்டியவரும் அவரே.

காஞ்சியில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்ற இளையாழ்வாரின் உள்ளம் கவர்ந்தவர் ஒருவர் இருந்தார். அவர் திருக்கச்சி நம்பி. பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் பிறந்து, வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு புரிந்து வந்தார். பெருமாள் அவரோடு பேசுவார் என்று ஊரே நம்பியது. அத்தகைய அடியவர் உண்டபின் மீந்த உணவைப் பிரசாதமாகப் பெற வேண்டும் என்று இளையாழ்வார் விரும்பினார். நம்பியைத் தம் இல்லத்தில் அமுது செய்ய அழைத்தார்.

அந்தணர் ஒருவர் தம் எச்சிலை உண்பதா என்று நம்பி அஞ்சினார். இளையாழ்வார் வெளியே சென்றிருந்த வேளை பார்த்து வந்து, விரைவாக உண்டு புறப்பட்டுவிட்டார். இளையாழ்வாரின் துணைவியார் தஞ்சமாம்பாள் அக்கால வழக்கப்படி மீந்ததைப் பிறருக்குக் கொடுத்து, இடத்தை மெழுகி, நீராடிவிட்டுப் புதிதாகச் சமைக்கத் தொடங்கினார். திரும்பி வந்த இளையாழ்வாருக்கு நடந்தது புரிந்தது. மனம் நொந்து நின்றார்.

அந்த அம்மையார் தீயவர் அல்லர். தாம் கற்ற ஆசாரத்தைப் பிசகாமல் செய்தார், அவ்வளவே. நல்லவர்கள்கூட நல்லதென்று நம்பிச் செய்யும் ஒரு வழக்கம், இறைவனுக்கு நெருக்கமான ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடக்கூடும் என்பதை இளையாழ்வார் தம் வீட்டிலேயே கண்டார். பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை இந்த வேதனையில் இருந்தது எனலாம்.

கோபுரத்தின் மேலிருந்து

துறவு பூண்டு திருவரங்கம் சென்ற ஸ்ரீராமானுஜர், ஆளவந்தாரின் சீடர்கள் ஐவரை அடுத்து அவரது உபதேசங்களைக் கற்றார். பெரிய நம்பி, திருக்கோஷ்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப் பெருமாள் அரையர், திருமலை நம்பி ஆகியோரே அந்த ஐவர். மடத்தின் தலைவராக வீற்றிருக்க வேண்டியவர் மாணவராக ஊர் ஊராக நடந்தார்.

திருக்கோஷ்டியூர் நம்பியிடம் திருமந்திரத்தின் உட்பொருளைப் பெறுவதற்காகத் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார். பதினேழு முறை வெறுங்கையோடு திரும்பினார். பதினெட்டாம் முறை நம்பி மனமிரங்கி உபதேசித்தார். தகுதியற்றவருக்கு இதனைச் சொன்னால் நரகம் கிட்டும் என்று எச்சரிக்கவும் செய்தார்.

மறுநாள் ஸ்ரீராமானுஜர் திருக்கோஷ்டியூர் கோயிலின் உயர்ந்த தளத்தின்மீது ஏறினார். விருப்பம் உள்ளவர் யாவரும் வருக என்று அழைத்தார். கூடியிருந்தவர்கள் அனைவருக்கும், எவருடைய குலத்தையும் விசாரிக்காமல், தாம் பெற்றதை வழங்கினார். செய்தி அறிந்து சினத்துடன் நம்பி வினவியபோது, தாம் ஒருவர் நரகம் புகுவதால் இத்தனை பேர் நற்கதி பெறுவார்களாயின் அந்த நரகமே தமக்கு உகந்தது என்று பணிவோடு விண்ணப்பித்தார். நம்பியின் சினம் கரைந்தது. சீடரை மார்புறத் தழுவி, எம்பெருமானார் என்று அழைத்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குருவின் வாக்கில் அவருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. நரகம் உண்மை என்று நம்பியே அவர் அந்தத் தளத்தின்மீது ஏறினார். விலை என்னவென்று தெரிந்து, அதைத் தாமே கொடுக்கத் துணிந்து செய்த செயல் அது.

திருமலை நம்பியின் திருவடியில்

தாய்மாமனான திருமலை நம்பியிடம் ஸ்ரீராமாயணம் கற்க வேண்டி ஸ்ரீராமானுஜர் திருப்பதிக்கு வந்தார். மலையையே இறைவனின் திருமேனியாகக் கருதியதால் மேலே ஏறத் தயங்கி அடிவாரத்தில் நின்றார். பெரியவர்கள் வற்புறுத்திய பிறகே ஏறினார். மலை வாசலில் பெருமாள் பிரசாதங்களை ஏந்தி அவரை எதிர்கொண்டு நின்றவர் முதியவரான நம்பியே. ஸ்ரீராமானுஜர் பதறினார். இதற்குத் தாங்களே வர வேண்டுமா, யாரேனும் ஒரு சிறியவரை அனுப்பியிருக்கலாகாதா என்று கேட்டார். நான்கு வீதிகளிலும் தேடிப் பார்த்ததாகவும், தம்மிலும் சிறியவர் எவரும் அகப்படவில்லை என்றும் நம்பி மறுமொழி கூறினார்.

அறிவிலும் வயதிலும் தொண்டிலும் பெரியவர் ஒருவர், தம்மினும் சிறியவர் ஊரில் இல்லை என்கிறார். கேட்டு நிற்பவரோ ஆயிரமாயிரம் பேருக்கு ஆசாரியர். இந்த ஒரு விடையில் ஸ்ரீராமானுஜர் தம் வாழ்நாள் முழுமைக்குமான பாடத்தைப் பெற்றார்.

பிறகு அடிவாரத்தில் ஓராண்டுக் காலம் ஸ்ரீராமாயண உபதேசம் நடைபெற்றது. மலையில் தம் கைங்கரியத்தை முடித்துக்கொண்டு நம்பி நாள்தோறும் இறங்கி வந்தார். வேடர் தலைவனான குகனைத் தம்பியாக ஏற்றவன், பறவையான ஜடாயுவுக்குத் தன் கையால் இறுதிக் கடன் செய்தவன், சபரியின் குடிலுக்குத் தேடிச் சென்றவன் ஆகிய அந்த இராமனின் கதையை, தம்மை எல்லோரினும் சிறியவராக எண்ணிய ஓர் ஆசிரியரிடம் ஸ்ரீராமானுஜர் கேட்டார்.

உபதேசம் நிறைவுற்றபோது நம்பி தம் மருமகன் கோவிந்தரை ஸ்ரீராமானுஜரிடம் ஒப்படைத்தார். கோவிந்தர், ஸ்ரீராமானுஜரின் சிற்றன்னை மகன். காளஹஸ்தியில் நெடுநாள் சிவத்தொண்டு புரிந்து, பின் நம்பியிடம் வந்து சேர்ந்தவர். ஸ்ரீராமானுஜரோடு சென்ற அவர், நம்பியைப் பிரிந்த ஏக்கத்தால் சில நாள்களிலேயே வாடிப்போனார். அதைக் கண்ட ஸ்ரீராமானுஜர் அவரைத் திருமலைக்குத் திருப்பி அனுப்பினார். ஆனால் நம்பி அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வந்த பிள்ளைக்கு ஒருவேளை உணவாவது அளிக்கலாகாதா என்று நம்பியின் தேவியார் கேட்டார். விற்ற பசுவுக்குப் புல் இடுவார் உண்டோ என்பதே நம்பியின் விடையாயிற்று. கோவிந்தர் பசியோடு திரும்பினார். பின்னாளில் எம்பார் என்ற பெயரோடு ஸ்ரீராமானுஜரின் நிழலாகவே வாழ்ந்தார்.

கடுமையாகத் தோன்றும் இந்த நிகழ்ச்சியின் உட்பொருள் எளியது. கொடுத்ததை மனத்தாலும் திரும்பப் பெறலாகாது. ஆசாரியர் பதினெட்டு முறை நடந்து பெற்றதை ஒரே காலையில் எல்லோருக்கும் கொடுத்தவர். அந்தக் கொடையைப் பின்னால் எக்காரணம் கொண்டும் சுருக்கிக்கொள்ளலாகாது என்ற உறுதிக்கு நம்பியின் வாசல் சாட்சியாயிற்று.

தயிர்க்காரிக்கு ஒரு சீட்டு

திருப்பதியில் வழங்கும் மற்றொரு நிகழ்ச்சி, ஸ்ரீராமானுஜர் யாருக்காக வாழ்ந்தார் என்பதைக் காட்டுகிறது. அவர் அடிவாரத்தில் தங்கியிருந்தபோது இடைக்குலப் பெண் ஒருத்தி மடத்துக்குத் தயிர் கொண்டுவந்தாள். சீடர்கள் விலை என்னவென்று கேட்டனர். காசு வேண்டாம், தனக்கு மோட்சம் வேண்டும் என்றாள் அவள்.

சீடர்களுக்கு வியப்பு. ஸ்ரீராமானுஜரோ அவளை ஏளனம் செய்யவில்லை. அவளுக்குத் தகுதி உண்டா என்று ஆராயவுமில்லை. மோட்சம் தருபவன் மலைமேல் இருக்கும் திருவேங்கடமுடையான், அங்கே சென்று கேள் என்றார். அப்படியானால் அவருக்கு ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும் என்று அவள் கேட்டாள். வேதாந்த வாதங்களில் பெரும் பண்டிதர்களை வென்ற அந்தக் கை, ஒரு தயிர்க்காரிக்காகப் பெருமாளுக்கு ஓலை எழுதிற்று. அவள் அதைத் தலையில் தாங்கி மலையேறினாள். பெருமாள் ஓலையை ஏற்று அவளுக்கு நற்கதி அருளினார் என்று பெரியோர் கூறுவர்.

படிப்பும் பதவியும் இல்லாத ஒரு பெண்ணுக்கு மிக உயர்ந்த பொருளைக் கேட்கும் துணிவு இருந்தது. கேட்கலாம் என்று அவளுக்கு உணர்த்தியது ஆசாரியரின் அருகாமை. ஒருவரது உரிமை, கேட்கலாம் என்ற அந்த நம்பிக்கையில்தான் முதலில் பிறக்கிறது.

மலர்த்தோட்டமும் திருக்கோயிலும்

ஸ்ரீராமானுஜரின் கருணை கண்ணீரோடு நின்றுவிடவில்லை. தமக்குப் பிறகும் தொடரும் ஏற்பாடுகளைச் செய்வதில் அவர் கருத்தாக இருந்தார். திருவரங்கத்தில் ஒருநாள், குளிரும் தனிமையும் நிறைந்த திருமலையில் தங்கி மலர்த்தோட்டம் அமைக்க யார் முன்வருவர் என்று சீடர்களைக் கேட்டார். அனைவரும் மௌனமாக இருக்க, அனந்தாழ்வான் எழுந்தார். இவனே ஆண்பிள்ளை என்று ஆசாரியர் அவரைப் பாராட்டினார்.

அனந்தாழ்வான் தம் மனைவியோடு திருமலை சென்று, தாமே மண் வெட்டி ஏரி அமைத்து, நந்தவனத்தை உருவாக்கினார். கருவுற்றிருந்த மனைவிக்கு மண் சுமக்க உதவ வந்த சிறுவனைச் சினந்து அவர் கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. பின் சந்நிதியில் பெருமாளின் மோவாயில் குருதி கண்டு பதறி, பச்சைக் கற்பூரம் வைத்து அழுத்தினார். இன்றும் பெருமாள் மோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தப்படுகிறது. அந்தக் கடப்பாரை என்று போற்றப்படுவது கோயிலின் பெரிய வாசல் சுவரில் காட்சிக்கு இருக்கிறது.

கீழ்த்திருப்பதியில் கோவிந்தராஜப் பெருமாளைப் பிரதிஷ்டை செய்வித்தவர் ஸ்ரீராமானுஜர் என்பது மரபு. அந்தக் கோயிலைச் சுற்றி வீதிகள் அமைந்து இன்றைய திருப்பதி நகரம் வளர்ந்தது. திருமலையின் வழிபாட்டு முறைகள் வழுவாமல் நடக்க, துறவியர் மேற்பார்வையை ஏற்படுத்தியவரும் அவரே எனப்படுகிறது. இன்றுள்ள பெரிய ஜீயர், சின்ன ஜீயர் மரபு அதிலிருந்து வந்தது. அவரது வேதார்த்த சங்கிரகம் திருவேங்கடமுடையான் திருமுன்பிலேயே அருளப்பட்டது என்பர்.

ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்களுக்கு வேதத்துக்கு நிகரான இடம் தந்து கோயில் வழிபாட்டில் ஒலிக்கச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அந்தப் பாசுரங்களைப் பாடியவர்களுள் வேளாளர் குலத்து நம்மாழ்வாரும், பாணர் குலத்துத் திருப்பாணாழ்வாரும், பெண்ணான ஆண்டாளும் இருந்தனர். மார்கழி மாதத்தில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவையே ஒலிக்கிறது.

தோளில் வைத்த கை

திருவரங்கத்தில் பிள்ளை உறங்காவில்லி என்ற மல்லர் அவருடைய சீடரானார். ஸ்ரீராமானுஜர் காவிரிக்கு நீராடச் செல்லும்போது அந்தண சீடரான முதலியாண்டானின் தோளைப் பற்றிச் செல்வார். நீராடித் திரும்பும்போது உறங்காவில்லியின் தோளைப் பற்றி வருவார். மடி ஆசாரம் பார்த்தவர்கள் இதைக் கண்டு கலங்கினர். குலத்தாலும் கல்வியாலும் வரக்கூடிய செருக்கு நீரில் குளிப்பதால் நீங்குவதில்லை என்பதையும், இந்த அடியவரைத் தீண்டுவதே உண்மையான தூய்மை என்பதையும் ஆசாரியர் உணர்த்தினார்.

அவருடைய குருவான பெரிய நம்பி, தாழ்ந்ததாகக் கருதப்பட்ட குலத்தில் பிறந்த மாறனேர் நம்பிக்கு இறுதிச் சடங்குகளைச் செய்தார். ஊரார் பெரிய நம்பியை ஒதுக்கினர். இராமன் ஜடாயுவுக்குச் செய்ததைக் காட்டிலும் தாம் அதிகம் செய்துவிடவில்லை என்று அவர் விளக்கினார். திருப்பதியில் கற்ற ஸ்ரீராமாயணம் திருவரங்கத்து வீதியில் உயிர்பெற்று நின்றதை ஸ்ரீராமானுஜர் கண்டார்.

பின்னர் கர்நாடகத்தின் மேல்கோட்டையில் தங்கியிருந்தபோது, தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டார். ஆண்டில் குறிப்பிட்ட நாள்களில் அவர்கள் கோயிலுக்குள் வந்து வழிபடும் உரிமையையும் ஏற்படுத்தினார். சில நாள்கள் மட்டுமே என்பது இன்று நமக்குக் குறையாகப் படலாம். சமூகத்தின் படிநிலை முழுவதையும் அவரால் மாற்ற இயலவில்லை என்பதும் உண்மை. ஆயினும் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் அடைத்த கதவு ஒன்று திறந்தது. இழிபெயர் ஒன்று அழிந்து திருப்பெயர் ஒன்று பிறந்தது.

திறந்த கதவும் மூடிய கதவும்

1137-ஆம் ஆண்டு ஸ்ரீராமானுஜர் திருவரங்கத்தில் பரமபதம் அடைந்தார். அவர் திறந்த கதவுகளில் பல மெல்ல மெல்ல மீண்டும் சாத்தப்பட்டன. அவரைத் தெய்வமாக வணங்கியவர்களே அவர் அணைத்த மக்களை வாசலில் நிறுத்தினர். மகானின் பெயரைச் சொல்வது எளிது. அவர் கொடுத்ததைத் திரும்பப் பெறாமல் இருப்பது கடினம்.

அந்தக் கதவுகளைத் திறக்கும் பணி நம் காலம்வரை தொடர்ந்தது. 1936-இல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. 1939, ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஒதுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். திருப்பதியும் அடங்கியிருந்த அன்றைய சென்னை மாகாணத்தில் 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கடல் கடந்த நாட்டில், பேருந்தில் யார் எங்கே அமர்வது என்ற கேள்விக்காக 1955-இல் அறப்போர் தொடங்கிய மார்ட்டின் லூதர் கிங், 1959-இல் காந்தியடிகளின் நாட்டைக் காண வந்தார். நிறத்தால் விலக்கப்பட்டவர்களின் வேதனையும் குலத்தால் விலக்கப்பட்டவர்களின் வேதனையும் ஒன்றே.

ஸ்ரீராமானுஜரின் பரந்த இதயத்தைச் சுவாமி விவேகானந்தர் போற்றினார். சென்னையில் தொண்டாற்றிய சுவாமி ராமகிருஷ்ணானந்தர் அவருடைய வரலாற்றை வங்க மொழியில் எழுதி வடநாட்டினரும் அறியச் செய்தார். 2022-இல் ஹைதராபாத்துக்கு அருகே முச்சிந்தலில் 216 அடி உயரச் சமத்துவச் சிலையாக அவர் எழுந்தருளினார். ஆயினும் திருமலைக் கோயிலின் உட்பிராகாரத்தில், உபதேசிக்கும் கோலத்தில் வீற்றிருக்கும் பாஷ்யகாரரின் சிறிய சந்நிதியே நம்மிடம் அதிகம் பேசுகிறது.

சட்டம் கோயில் கதவைத் திறந்துவிடும். வீட்டின் அடுக்களைக் கதவையும் மனத்தின் கதவையும் நாமேதான் திறக்க வேண்டும். நம் வீட்டில் வேலை செய்பவர் எந்தக் குவளையில் நீர் அருந்துகிறார், யாருக்கு நாம் திண்ணையோடு விடைகொடுக்கிறோம் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். காஞ்சியில் ஓர் இளைஞர் மனம் நொந்து நின்ற அந்தப் பகல், நம் வீடுகளில் இன்னும் முடியாமல் இருக்கக்கூடும்.

அடுத்த முறை ஏழுமலை ஏறும்போது முழங்கால் முறிச்சானில் சற்றே அமர்வோம். முன்னால் ஏறுபவரும் பின்னால் வருபவரும் எக்குலம் என்று அந்தப் படிகள் கேட்பதில்லை. நான்கு வீதிகளிலும் தம்மிலும் சிறியவரைத் தேடிக் காணாத ஒரு முதியவரையும், ஒரு தயிர்க்காரிக்குச் சீட்டு எழுதிய அவருடைய மருமகனையும் நினைத்துக்கொண்டு மேலே ஏறினால், நம் யாத்திரை நிறைவு பெறும்.